காலதர்

நுழையும்முன்

உண்ணும் சோற்றில் கல் இருந்தால் நா அறியும். பருகும் நீர் கலங்கியிருந்தால் கண் அறியும். ஆனால் வீட்டுக்குள் நிலவும் காற்றில் கலந்திருப்பதைப் பெரும்பாலும் எந்தப் புலனும் அறிவதில்லை. வெளிக்காற்றின் மாசு குறித்துப் பேசப்படும் அளவுக்கு வீட்டுக்காற்றின் மாசு பேசப்படுவதும் இல்லை. கூரையும் சுவரும் அக்காற்றை எவ்வாறு மாற்றுகின்றன என்பதை மலைவீடு ஒன்றின் வழியே எடுத்துரைக்கிறது இக்கட்டுரை.

மழையில்லா நாளில் ஒரு துளி

மார்கழி மாத விடியற்பொழுது. ஜவ்வாது மலைச் சிற்றூர் ஒன்றில், அரையாண்டுத் தேர்வு விடுமுறைக்கு வந்திருந்த பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி விளக்கொளியில் படித்துக்கொண்டிருந்தாள். விரித்திருந்த பக்கத்தின் நடுவே நீர்த்துளி ஒன்று விழுந்தது. வெளியே மழை இல்லை, வானம் தெளிந்திருந்தது. அண்ணாந்து பார்த்தாள். சாம்பல் நிறக் கூரைத் தகட்டின் அடிப்பகுதி முழுவதும் சிறுசிறு துளிகள் கோத்து நின்றன.

“கூரை வேர்க்குது கண்ணு. பனிக்காலத்துல அப்படித்தான்” என்றார் அடுப்படியில் உலை வைத்துக்கொண்டிருந்த ஆயா. சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்தது. ஒவ்வோராண்டும் ஐப்பசியில் தொடங்கி மாசிவரை நீடிக்கும் இருமல் அது.

மாணவி எழுந்து சென்று மூலையில் அடுக்கியிருந்த சாமை மூட்டைகளை நகர்த்தினாள். மூட்டைக்குப் பின்னே இருந்த சுவரில் கரும்பச்சைப் புள்ளிகள் உள்ளங்கை அகலத்திற்குப் படர்ந்திருந்தன. புழுங்கிய மண்ணின் வாடை மூக்கில் ஏறியது. அந்த வாடை அவளுக்குப் புதிதன்று. பிறந்த நாள்முதல் அதுதான் வீட்டின் வாசனை. விடுதியில் ஆறு மாதம் தங்கிவிட்டு வந்த பின்னரே அது தனித்துத் தெரிந்தது. சிலிக்கேட்டுகளைப் பற்றிப் பாடம் நடத்தியபோது, பல ஊர்களில் வீட்டுக் கூரையாக இருக்கும் ‘சிமெண்டு ஷீட்டு’ கல்நார் கலந்தது என்று வேதியியல் ஆசிரியர் சொன்னதும் நினைவுக்கு வந்தது.

தலைக்குமேல் கல்நார், சுவர்மேல் பூஞ்சை, இரண்டுக்கும் இடையில் ஆயாவின் மூச்சு.

புல் போய்த் தகடு வந்தது

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான ஜவ்வாது மலை, திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவ மழைகளையும் பெறும் நிலம் இது. சாமையும் புளியும் தேனும் கடுக்காயும் இம்மலையின் விளைபொருள்கள். இங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினரின் பழைய வீடுகள் மூங்கில், மண், புல் ஆகிய மூன்றால் ஆனவை. மூங்கில் தப்பைகளைக் கட்டி மண் பூசிய சுவர், சாணம் மெழுகிய தரை, தானியம் வைக்கும் பரண், மேலே புல்வேய்ந்த கூரை என அமைந்தவை அவை.

அந்தக் கூரைக்கு ஓர் இயல்பு உண்டு. அடுப்பிலிருந்து எழும் புகையும் நீராவியும் புல்லின் இடுக்குகள் வழியே மெல்லக் கசிந்து வெளியேறும். புகை படிந்த புல்லைப் பூச்சி எளிதில் அரிப்பதில்லை. அடுப்பின் வெப்பத்தால் கூரை உலர்ந்தும் இருக்கும். ஆனால், பழைய வீட்டைப் பொற்காலமாகக் காட்டுவது உண்மையாகாது. கூரைப் புல்லைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அதற்காக நாள்கணக்கில் புல் அறுத்துச் சுமக்க வேண்டும். எலியும் தேளும் பாம்பும் கூரையில் குடியேறும். ஒரு தீப்பொறி போதும், ஒரு வீடு சாம்பலாகிவிடும்.

அந்த அச்சத்திற்குத் தமிழ்நாட்டில் மறக்க முடியாத சான்று உண்டு. 2004ஆம் ஆண்டு சூலை 16ஆம் நாள் கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கீற்றுக்கூரையில் பற்றிய தீ, 94 குழந்தைகளின் உயிரைப் பறித்தது. அதன்பின் பள்ளிகளிலிருந்து கீற்றுக்கூரைகளை அகற்ற அரசு ஆணையிட்டது. தீப்பிடிக்காத கூரை என்பது வெறும் வசதியன்று, உயிர்க்காப்பு என்பதைத் தமிழகம் கண்ணீரோடு கற்றது.

ஆகவே, புல்லைக் களைந்துவிட்டுத் தகட்டைப் போட்டவர்கள் அறியாமையால் அவ்வாறு செய்தார்கள் என்று கூறுவது அநீதி. தீப்பிடிக்காது, துருப்பிடிக்காது, கரையான் அரிக்காது, விலையும் குறைவு. ஒருமுறை போட்டால் பல்லாண்டு நிற்கும். ஆயா அந்தக் கூரையைப் போட்ட நாளை இன்றும் பெருமையோடு சொல்வார்: “அன்னிக்கி ராத்திரிதான் மழைக்குப் பயப்படாம தூங்கினேன்.”

கல்லில் உரித்த நார்

கல்நார் என்னும் தமிழ்ச் சொல், பொருளின் இயல்பை அப்படியே காட்டுகிறது. அது கல், ஆனால் நாராக உரியும். இயற்கையில் கிடைக்கும் ஆறு வகைச் சிலிக்கேட்டுக் கனிமங்கள் இப்பொதுப்பெயரால் வழங்கப்படுகின்றன. அவற்றுள் கூரைத் தகடுகளில் மிகுதியாகப் பயன்படுவது வெண்கல்நார் எனப்படும் கிரைசோடைல். ஆஸ்பெஸ்டாஸ் என்னும் பெயர் ‘அணையாதது’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பண்டைக் கிரேக்கர் இந்நாரை விளக்குத் திரியாகப் பயன்படுத்தினர்.

ஆஸ்திரிய நாட்டைச் சேர்ந்த லூட்விக் ஹாட்செக், காகிதம் செய்யும் முறையைத் தழுவி, கல்நாரையும் சிமெண்டையும் நீரில் கலந்து மெல்லிய தகடாக்கும் முறைக்கு 1901இல் காப்புரிமை பெற்றார். தம் தகட்டுக்கு ‘நிலையானது’ என்னும் பொருள் தரும் இலத்தீன் சொல்லிலிருந்து ‘எட்டெர்னிட்’ எனப் பெயரிட்டார். இத்தகைய தகட்டில் சிமெண்டே பெரும்பகுதி; ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் கல்நார். சிமெண்டு அந்த நாரை இறுகப் பிடித்து வைத்திருக்கும்வரை அது காற்றில் கலப்பது அரிது. பிடி தளரும்போதுதான் இடர் தொடங்குகிறது.

தகட்டை அறுக்கும்போதும், துளையிடும்போதும், உடைக்கும்போதும், தேய்க்கும்போதும் அந்தப் பிடி விடுகிறது. பல்லாண்டு வெயிலும் மழையும் பட்டுச் சிமெண்டு அரித்துப்போகும்போதும், பாசி படர்ந்த பழைய தகட்டை உலர்ந்த நிலையில் சுரண்டித் துடைக்கும்போதும் நார்த்துகள் வெளியேறுகிறது. தீயில் இட்டாலோ தகடு வெடித்துச் சிதறும். கூரையிலிருந்து கழற்றிய துண்டுகள் கோழிக்கூண்டுக்கு மூடியாகவும், வேலியாகவும், சேற்றுப் பாதைக்குப் பரவலாகவும் பயன்படுவதைப் பல ஊர்களில் காணலாம். காலடியில் நொறுங்கும் ஒவ்வொரு துண்டும் தன் நாரைக் காற்றுக்குக் கொடுக்கிறது.

காலம் தாழ்த்தி வரும் நோய்

வெளியேறிய நார் கண்ணுக்குத் தெரிவதில்லை. நுரையீரலின் ஆழம்வரை செல்லக்கூடிய நார், மூன்று மைக்ரானுக்கும் குறைந்த தடிமன் கொண்டது. மனிதத் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ எழுபது மைக்ரான் என்பதை ஒப்பிட்டால் அதன் நுண்மை விளங்கும். நுரையீரலின் காற்றறைகளில் காவல் செய்யும் விழுங்கணுக்கள், உள்ளே வரும் தூசியை விழுங்கிச் செரிக்கும் இயல்புடையவை. நீண்ட கல்நாரை அவற்றால் முழுமையாக விழுங்க முடியாது. முயன்று தோற்கும் இடத்தில் அழற்சி உண்டாகிறது. அழற்சி நாளடைவில் வடுவாகிறது. வடுப்பட்ட நுரையீரல் விரிந்து சுருங்க இயலாமல் இறுகும் நோயே கல்நார் நுரையீரல் நோய். நுரையீரல் புற்றுநோயும், நுரையீரல் உறையைத் தாக்கும் இடையீட்டுத் தோல் புற்றுநோயும் இந்நாரால் விளைகின்றன. அவை வெளிப்படுவதற்குப் பெரும்பாலும் இருபது முதல் நாற்பது ஆண்டுகள்வரை ஆகலாம். புகைபிடிப்பவர் கல்நார்த் தூசியையும் சுவாசித்தால் நுரையீரல் புற்றுநோய்க்கான இடர் பன்மடங்காகும்.

இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் கல்நாரை நூலாக நூற்ற நெல்லி கெர்ஷா என்னும் தொழிலாளி, 1924இல் தம் 33ஆம் வயதில் இறந்தார். அவரது நுரையீரலை ஆராய்ந்த மருத்துவர் வில்லியம் குக், அதில் கண்டதை அதே ஆண்டு பிரித்தானிய மருத்துவ இதழில் எழுதினார். கல்நாரால் நேர்ந்த இறப்பை மருத்துவ உலகம் தெளிவாகப் பதிவுசெய்தது அப்போதுதான். 1960இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து வெளிவந்த ஆய்வு மேலும் ஓர் உண்மையைக் காட்டியது. நுரையீரல் உறைப் புற்றுநோய் கண்டவர்களுள் பலர் சுரங்கத்தில் வேலை செய்தவர்கள் அல்லர். இளமையில் சுரங்கத்தின் அருகில் வாழ்ந்தவர்கள்.

பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம், கல்நாரின் எல்லா வகைகளையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் வைத்துள்ளது. அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் அதன் பயன்பாட்டைத் தடைசெய்துள்ளன. இந்தியாவில் 1986இல் புதிய கல்நார்ச் சுரங்கக் குத்தகைகள் நிறுத்தப்பட்டன. 1993இல் பழைய குத்தகைகளைப் புதுப்பிப்பதும் நிறுத்தப்பட்டது. எனினும் இறக்குமதி செய்யப்பட்ட நாரைக் கொண்டு தகடு செய்வது தொடர்கிறது.

தெரிந்து தெளிவோம்

1995ஆம் ஆண்டு சனவரி 27ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, தொழிலாளரின் உடல்நலம் வாழ்வுரிமையின் ஒரு கூறு என உரைத்தது. கல்நார்த் தொழிலாளர் ஒவ்வொருவரின் உடல்நலப் பதிவேட்டையும், வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டுகள் அல்லது ஓய்வுபெற்றபின் 15 ஆண்டுகள், இவற்றுள் எது பிந்தியதோ அதுவரை பாதுகாக்க ஆணையிட்டது. நோய் எவ்வளவு தாமதமாக வரும் என்பதை உணர்ந்து எழுதப்பட்ட ஆணை இது.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, உலோகத் தகட்டுக் கூரையையும் கல்நார்த் தகட்டுக் கூரையையும் ஒரே வகையாகச் சேர்த்தே எண்ணியது. ஆகவே, எத்தனை வீடுகள் கல்நாரின்கீழ் வாழ்கின்றன என்பது அக்கணக்கில் தனியாகத் தெரிவதில்லை.

சுவரில் வளரும் கருமை

கல்நார் தரும் தீங்கு காலம் தாழ்த்தி வருவது; பூஞ்சை தரும் தீங்கோ அன்றாடம் வருவது. மலைவீட்டில் இவ்விரண்டையும் இணைப்பது அந்தத் துளிநீர்.

தெளிந்த இரவில் மெல்லிய தகடு தன் வெப்பத்தை வானுக்கு இழந்து விரைவில் குளிர்கிறது. வீட்டுக்குள் உறங்குவோரின் மூச்சிலும், உலையிலும், ஈரத்துணியிலும் பிறந்த நீராவி, புல்லின் வழியே வெளியேறியதைப்போலத் தகட்டின் வழியே வெளியேற இயலாது. குளிர்ந்த தகட்டைத் தொட்டதும் அது நீராகிறது, துளியாகிச் சொட்டுகிறது, சுவரில் வழிகிறது. மண்சுவர் கீழிருந்தும் நிலத்தின் ஈரத்தை உறிஞ்சுகிறது. காற்று புகாத மூலையில் அந்த ஈரம் உலர்வதே இல்லை. உலோகத் தகட்டிலும் இதே வியர்வை உண்டு. எனவே, தகட்டை மாற்றினால் மட்டும் பூஞ்சை போய்விடாது.

பூஞ்சையின் நுண்வித்துகள் எங்கும் உள்ளன. அவற்றை உலகிலிருந்து ஒழிக்க முடியாது, ஒழிக்கவும் தேவையில்லை. உதிர்ந்த இலையை மண்ணாக்குவதும் பூஞ்சையே. அலெக்சாண்டர் பிளெமிங் 1928இல் பெனிசிலினைக் கண்டறிந்ததும் பூஞ்சையிலிருந்தே. ஈரம் கிடைத்தால் ஓரிரு நாள்களில் அது சுவரிலும் மரத்திலும் சாக்கிலும் வேரூன்றி, எண்ணற்ற வித்துகளைக் காற்றில் விடுகிறது. அவற்றை நாள்தோறும் சுவாசிப்பவருக்குத் தும்மல், இருமல், இழுப்பு ஆகியவை உண்டாகலாம். ஆஸ்துமா உள்ளவருக்கு நோய் முற்றலாம். குழந்தைகளும் முதியோரும் எளிதில் பாதிக்கப்படுவர். உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பூஞ்சைக்கு இவ்வளவு வரை பாதுகாப்பு என எந்த எண்ணையும் வரையறுக்கவில்லை. ஈரத்தைத் தேங்கவிடாமல் தடுப்பதே வழி என்கிறது.

நெல்லி கெர்ஷா இறந்த அதே ராச்டேல் நகரில், 2020 டிசம்பரில் இரண்டு வயதுக் குழந்தை அவாப் இஷாக் இறந்தான். குடியிருந்த வீட்டில் நெடுங்காலம் படர்ந்திருந்த பூஞ்சையே அவனது மூச்சுநோய்க்குக் காரணம் என 2022இல் விசாரணை முடிவு கூறியது. சமூக வீட்டுவசதி அமைப்புகளின் வாடகை வீடுகளில் ஈரத்தையும் பூஞ்சையையும் குறித்த காலத்திற்குள் சரிசெய்ய வேண்டும் என்னும் விதி, 2023ஆம் ஆண்டுச் சட்டத்தில் அக்குழந்தையின் பெயராலேயே இடம்பெற்றது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு இடைவெளியில் ஒரே நகரில் நிகழ்ந்த இரு இறப்புகள் இவை. ஒருவருக்கு நஞ்சானது தொழிற்கூடத்தின் காற்று. மற்றவனுக்கு உறங்கிய அறையின் காற்று.

துளையை எங்கே இடுவது?

பொங்கலுக்கு முன் வீட்டைச் சீர்செய்ய மாமா வந்தார். கையில் துளையிடும் பொறியும் அறுக்கும் சக்கரமும் இருந்தன. “அடுப்புக்கு மேல கூரையில ஒரு சதுரம் அறுத்துவிட்டா புகையும் போயிடும், வேர்வையும் நின்னுடும்” என்றார்.

“வேண்டாம் மாமா. அறுக்கிற தூசியிலதான் ஆபத்தே இருக்கு” என்றாள் மாணவி.

“இருபது வருசமா எல்லாரும் இதுக்குக் கீழதானே படுத்திருக்கோம்? என்ன ஆயிடுச்சு?”

நேர்மையான கேள்வி அது. அதற்கு அச்சமூட்டும் விடை தருவது எளிது. சரியான விடை தருவது கடினம். உடையாத தகட்டின்கீழ் உறங்குவதும், அதே தகட்டை அறுத்து அதன் தூசியை முகத்தில் வாங்குவதும் ஒன்றல்ல. இருபது ஆண்டு ஒன்றும் ஆகவில்லை என்பது, இனியும் ஒன்றும் ஆகாது என்பதற்குச் சான்றும் அன்று. இவ்விரண்டு உண்மைகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. அவள் சொன்னாள். மாமா பொறியைக் கீழே வைத்தார். ஆனால் முழுதாக ஒப்பவில்லை.

“அப்போ கூரையையே கழட்டிடலாமா?” என்று கேட்டார்.

“கழட்டிட்டு எங்க படுக்கிறது?” என்றார் ஆயா.

அந்த ஒரு வினாவில் ஏழை வீடுகளின் நிலை முழுவதும் அடங்கியிருந்தது. எச்சரிக்கை சொல்வது மட்டும் அறிவாகாது. மாற்றுக் கூரைக்கு வழியில்லாதவரிடம் இருக்கும் கூரையைக் குறைகூறிவிட்டு நகர்வது, அவருடைய உறக்கத்தைக் கெடுப்பதாகவே முடியும். இன்று செய்யத்தக்கது எது, நாளை செய்ய வேண்டியது எது எனப் பிரித்துக் காண்பதே அறிவு.

துளை தேவை, ஆனால் அதைக் கூரையில் இட வேண்டியதில்லை. சுவர் மண்ணால் ஆனது. இறவாரத்திற்குச் சற்றுக் கீழே, எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டிலும், நீர் தெளித்து மண்ணை இளக்கி இரண்டு திறப்புகளை மாமா வெட்டினார். மூங்கிற் சட்டம் பொருத்தினார். ஒன்றன் வழியே புகுந்த காற்று மற்றொன்றின் வழியே வெளியேறியது. வெளியே சுவரை ஒட்டிக் குவிந்திருந்த மண் அகற்றப்பட்டு, கூரைநீர் விலகி ஓடச் சிறு வாய்க்கால் வெட்டப்பட்டது. சாமை மூட்டைகள் சுவரைவிட்டு ஒரு முழம் தள்ளிப் பலகைமேல் ஏறின. மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, சோப்பு நீரில் நனைத்த துணியால் பூஞ்சையை மாணவி துடைத்தாள். அதன்மேல் அப்படியே சுண்ணாம்பு அடித்து மறைக்காமல், சுவர் நன்கு உலரும்வரை காத்திருந்தாள். கோழிக்கூண்டின்மேல் கிடந்த உடைந்த தகட்டுத் துண்டுகள், நீர் தெளித்து நனைக்கப்பட்டு, மேலும் உடைபடாமல் தடித்த பிளாஸ்டிக் பையில் கட்டப்பட்டு, பிள்ளைகள் விளையாடாத இடத்திற்குச் சென்றன.

நாளை செய்ய வேண்டியதும் பேசப்பட்டது. கூரையை மாற்றும் நாள் வரும்போது தகட்டை உடைக்காமல், நனைத்து, திருகாணிகளைக் கழற்றி, முழுதாக இறக்க வேண்டும். குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்கத் தமிழ்நாடு அரசு 2024இல் அறிவித்த திட்டத்தின் விதிகள், ஓலைக் கூரையோடு கல்நார்க் கூரையையும் விலக்கியுள்ளன. அதற்கு விண்ணப்பிக்க வேண்டும் என மாமா குறித்துக்கொண்டார். ஆயாவின் இருமலுக்குக் காரணம் கூரையா, பூஞ்சையா, அடுப்புப் புகையா என்பதை வீட்டில் இருப்பவர் முடிவுசெய்ய இயலாது. ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் சென்று, எத்தகைய வீட்டில் வாழ்கிறார் என்பதையும் மருத்துவரிடம் சேர்த்துச் சொல்வது என முடிவாயிற்று.

காற்றுக்கு ஒரு வழி

அவ்வூரிலிருந்து காவலூருக்குச் செல்லும் சாலையில் வைணு பாப்பு வானாய்வகத்தின் வெண்ணிறக் குவிமாடம் தெரியும். தெளிந்த வானைத் தேடி வந்த அறிஞர்கள் 1968இல் அங்கே முதல் தொலைநோக்கியை நிறுவினர், 1986இல் 2.34 மீட்டர் விட்டமுடைய பெருந்தொலைநோக்கி இயங்கத் தொடங்கியது. தொலைநோக்கி நிற்கும் கூடத்தின் உட்காற்றும் வெளிக்காற்றும் வெப்பத்தில் வேறுபட்டால் விண்மீனின் உருவம் கலங்கும். ஆகவே இரண்டும் ஒத்திருக்க வேண்டும் என்பதில் வானியலாளர் கருத்தாக இருப்பர். கண்ணாடி ஒன்றின் பார்வைக்காகக் கூடத்தின் காற்றை இவ்வளவு பேணும் அறிவு, மனிதர் உறங்கும் அறைக்கும் உரியதே.

சன்னலுக்குப் பழந்தமிழர் வழங்கிய பெயர்களுள் ஒன்று காலதர். ‘கால்’ என்றால் காற்று. ‘அதர்’ என்றால் வழி. வெளியே பார்ப்பதற்கான துளை என்றல்லாமல், காற்று வந்துபோகும் வழி என்றே அதற்குப் பெயர் வைத்தனர்.

விடுமுறை முடியும் நாளின் விடியலில் மாணவி மீண்டும் அண்ணாந்து பார்த்தாள். தகட்டின் அடியில் துளிகள் இருந்தன. ஆனால் குறைவாக இருந்தன. புத்தகப் பக்கத்தில் எதுவும் விழவில்லை. இருமல் நிற்கவில்லை, மருத்துவர் தந்த மாத்திரைகள் பரணின் ஓரத்தில் இருந்தன. புதிய திறப்பின் வழியே மலைக்காற்று உள்ளே வந்தது.

“குளிருதே கண்ணு” என்றார் ஆயா, போர்வையை இழுத்துக்கொண்டு.

“கொஞ்ச நேரம் தொறந்திருக்கட்டும் ஆயா” என்றாள் அவள்.

ஆயா மூடச் சொல்லவில்லை.